செம்பட்டி ரோடும் இரட்டைக் கண்ணாடியும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூட நினைத்தது செம்பட்டி ரோட்டின் வாயை. எங்கள் படுக்கையறை ஜன்னல் அந்த ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. எங்கள் வீட்டருகே வந்ததும் பஸ்காரர்களுக்குக் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும்.

என் கணவருக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார். படுப்பார், அவ்வளவுதான். ஒருநாள் மிஷின் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்து, சட்டைக் கை உள்ளே இழுபட்டுவிட்டது. சட்டை கிழிந்ததால் ஆள் தப்பினார். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

அந்த வாரமே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட ஆள் வந்தார். இரண்டு கண்ணாடி, நடுவில் விரல் பருமனுக்கு இடைவெளி, சுற்றிலும் இறுக்கமான அடைப்பு.

"நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"காஞ்ச காத்துதான் டீச்சர்."

"காத்தையா விக்கிறீங்க?"

"அது அசையாம அடைஞ்சு கெடக்குல்ல, அதான் வேல பாக்குது. வெளிச் சூடு சட்டுனு உள்ள எறங்காது, சத்தமும் கொறையும். ஆனா நேரா வெயில் அடிச்சா திரை போட்டுத்தான் ஆகணும்" என்றார். திரையும் வாங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் நான் திரும்பியபோது கணவர் அதே சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். "கொறஞ்சிருக்கு. ஆனா கேக்கத்தான் செய்யுது" என்றார், என் மனம் நோகாமல். நான் கண்ணாடிக்காரரைப் போனில் பிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சேலைகூட மாற்றாமல் அந்த அறையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டார். மணம் மூக்கைத் துளைத்தது.

"ஏங்க, ரெண்டு கண்ணாடியத் தாண்டி கருவாடு எப்படிங்க வரும்?"

இருவரும் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, வீடு கட்டும்போதே விட்ட வெண்டிலேட்டர். சிமெண்ட் ஜாலி, அதில் ஒட்டடை. அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது. இத்தனை வருஷம் அதன் கீழே படுத்தும் இருவர் கண்ணிலும் படவில்லை. மணம் வருகிற வழியில் ஹாரன் வராதா?

திட்டு வாங்கியவரையே மறுபடி கூப்பிட்டேன். "நானும் மேல பாக்காம விட்டுட்டேன் டீச்சர்" என்று பாதிப் பழியை அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. வெண்டிலேட்டருக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தோம். காற்றுக்குக் கொல்லைப் பக்க ஜன்னல் போதும்.

இரண்டொரு நாளில் பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சாவி எடுத்துவரவில்லை என்று தெரிந்தது. காலிங் பெல்லை அவர் தூக்கத்துக்காக எப்போதோ கழற்றிவிட்டோம். ஜன்னலைத் தட்டலாம் என்று போனேன்.

திரை கொஞ்சம் விலகியிருந்தது. வாய் லேசாகத் திறந்தபடி அவர் படுத்திருந்தார். என் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பையைக் கீழே விட்டுவிட்டேன். உள்ளே அவர் இமைகூட அசையவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், வெயில்ல நிக்கிறீங்க? தட்டுங்க, எந்திரிப்பாருல்ல."

"வேணாம்க்கா" என்றேன். குனிந்து பையை எடுத்துக்கொண்டேன்.

"தூங்குறாருக்கா."