முழுப்பேர்

கம்பஸ் போய்ப் படித்து முன்னுக்கு வருவது எப்படி என்று தெரிந்த ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருவன்தான் இருந்தான். அவன் என் அண்ணன். அங்கிருந்து மூன்றே மாதத்தில் திரும்பி வந்தவன்.

அவன் போனபோது தோட்டமே திரண்டு வழியனுப்பியது. தொழிற்சங்கத் தலைவர் மாலை போட்டார். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். திரும்பி வந்ததோ ஒரு மழைநாளில், யாரும் எதிர்பாராமல். சூட்கேஸை வாசலில் வைத்துவிட்டு, “வயித்து வலி. சாப்பாடு ஒத்துக்கல” என்றான். அப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார், அம்மா கண்ணைக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று எல்லோருக்கும் பயம். அண்ணன் பலாங்கொடை டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்து, பருப்பும் சீனியும் நிறுத்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

அடுத்த வருடம் அக்காவுக்கும் அதே கம்பஸ் கிடைத்தது. எனக்கு அப்போது பத்து வயது. இந்தத் தடவை மாலையும் இல்லை, தேங்காயும் இல்லை. “அண்ணங்கிட்ட கேட்டு நடந்துக்க” என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

அண்ணனும் சளைக்கவில்லை. கடையிலிருந்து வந்து, காலில் அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து தொடங்குவான். லெக்சர் நடக்கும் ஹோலில் முதல் வரிசையில் உட்காரக் கூடாது, எல்லோர் கண்ணிலும் படுவாய். கடைசி வரிசையிலும் கூடாது, லெக்சரர் கண்ணில் படமாட்டாய். இரண்டாவது வரிசைதான் சரி. இங்கிலீஷில் சொல்வது புரியாவிட்டால் தமிழ் எழுத்திலாவது எழுதிக்கொள், பிறகு டிக்ஷனரியில் தேடலாம். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடு, மறுநாள் கேட்கத் தைரியம் வராது. வேலைக்குக் கடைசி வருடத்திலேயே எழுதிப் போடத் தொடங்கு, அதற்குள் கம்ப்யூட்டர் பழகிக்கொள். இதெல்லாம் நல்ல புத்திமதி என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

“கேன்டீன்ல ஒத்தையா ஒக்காந்து சாப்புடாத. ஒத்தையா இருக்கவங்களத்தான் கூப்புடுவாங்க.”

“எதுக்குக் கூப்புடுவாங்க?” என்று நான் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. “எந்த ஊருன்னு கேட்டா பலாங்கொடன்னு சொல்லு. தோட்டம்ங்கிற பேச்சே வாயில வரக்கூடாது. பின்னால இருந்து யாராச்சும் கூப்ட்டா திரும்பாத.”

சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. இராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள், ஐடென்டி கார்டைக் கேட்பார்கள், தமிழ்ப் பேர் என்றால் தனியாக நிறுத்துவார்கள். அதற்கும் அண்ணனிடம் யோசனை இருந்தது: கார்டு கையோடு இருக்க வேண்டும், பஸ்ஸில் சிங்களத்திலேயே பேச வேண்டும். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் ஆமிக்காரனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. எனக்குப் பயமெல்லாம் அந்தக் கூப்பிடுகிறவர்களை நினைத்துத்தான். அவர்கள் யார், கூப்பிட்டு என்ன செய்வார்கள் என்று அண்ணன் சொல்லவே மாட்டான். சொல்லாததால் நானே நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் நினைத்துக்கொள்வதற்கு எல்லை ஏது? அக்கா பக்கத்தில் படுத்து அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் போகிற பஸ் வழியிலேயே பழுதாகிவிட வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டேன்.

ஒருநாள் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள். “நீ ஏண்ணே திரும்பி வந்த?”

“வயித்து வலின்னு சொன்னேன்ல” என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

போகிற நாள் வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் அண்ணன்தான் கூடப் போய் ஹொஸ்டலில் சேர்த்துவிட்டு வர வேண்டும் என்று ஆகிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவும் நானும் பலாங்கொடை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனோம். அண்ணன் ஒரு கையில் சூட்கேஸையும் மறு கையில் என் கையையும் பிடித்திருந்தான்.

கொழும்பு பஸ் நின்றிருந்தது. “கொலம்ப! கொலம்ப! நகின்ன, நகின்ன!” என்று கண்டக்டர் ஏறச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“டேய் கிலோ!”

அண்ணன் திரும்பவில்லை.

“அடோ கிலோ, நீதானே! எப்டிடா இருக்க?”

டவுன் நகைக்கடை முதலாளியின் மகன் அவன். அண்ணனோடு அதே வருடம் கம்பஸ் போனவன். நல்ல சட்டை, தோளில் பை, சிரித்த முகம். அண்ணன் முதுகில் செல்லமாக ஒன்று வைத்துவிட்டு, “கம்பஸ் பக்கமா போற? வா, ஒனக்கும் சீட் பிடிக்கிறேன்” என்று பஸ்ஸில் ஏறிக்கொண்டான். தராசோடு வேலை செய்கிற அண்ணனுக்கு எவ்வளவு பொருத்தமான பட்டப்பேர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அண்ணனின் கை ஜில்லென்று ஆகி, என் விரல்கள் நொறுங்குகிற மாதிரி இறுக்கியது. நான் பயந்து போய் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி வெளிறிய முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அக்காவைப் பஸ்ஸின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். நாங்களும் போனோம்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. மொத நாள் சீனியருங்க மேடையில ஏத்தி, முழுப்பேர் என்னன்னு கேப்பாங்க. அப்பா பேரோட சேத்து ஒம் பேர சொல்லு. வேற எதையும் சொல்லிப்புடாத.”

“பேரக் கேட்டா பேரத்தானே சொல்லுவாங்க? வேற என்னத்த சொல்லப் போறேன்?”

அண்ணன் கீழே பார்த்தபடி சொன்னான். “நான் பதினாறு கிலோங்கன்னு சொன்னேன்.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்களிடம் முழுப்பேரா என்று கேட்பதும், அவர்கள் கிலோக் கணக்குச் சொல்வதும் எங்கள் லயத்தில் அன்றாடப் பேச்சு. கம்பஸ் கிடைக்கும்வரை அண்ணன் அந்த மலையில்தான் வேலை செய்தான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

“பயத்துல வாயில அதான் வந்துச்சு. அன்னைக்கு முழுக்க இறங்க விடல. பெறகு கேன்டீன்ல, லைப்ரரில, ஹொஸ்டல்ல, எங்க போனாலும் கிலோ. நம்ம தமிழ்ப் புள்ளைங்கதான்.”

பஸ் ஹோர்ன் அடித்தது. அக்கா சூட்கேஸைப் பிடித்து இழுத்தாள். “நான் தனியா போயிக்கிறேண்ணே. நீ கடைக்குப் போ.”

அண்ணன் பஸ்ஸைப் பார்த்தான், கடை இருக்கிற தெருவைப் பார்த்தான். அவன் ஓடிவிடுவான், அக்கா தனியாகப் போய் அந்தக் கூப்பிடுகிறவர்களிடம் மாட்டிக்கொள்வாள் என்று பயந்து நான் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“கிலோ! ஏறுடா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அண்ணன் அக்கா கையிலிருந்து சூட்கேஸை வாங்கினான். அக்காவை முன்னால் ஏற்றிவிட்டு அவனும் ஏறினான். அவளை முன்பக்கம் ஒரு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் அந்த நகைக்கடைப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் புறப்பட்டது. அக்கா கையை ஆட்டினாள். அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பயம்தான், இருந்தாலும் பெரிய மனுஷி மாதிரி, “அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அண்ணன் கூட இருக்குல்ல” என்றேன்.

“அவ பொழச்சுக்குவாடி. அவளுக்காகவா அழுவுறேன்?”

அக்காவுக்காக இல்லையென்றால் வேறு யாருக்காக? அண்ணன் நாளைக்கே திரும்பி வந்துவிடுவானே. நாளைக்கே வரப்போகிற ஆளுக்காக யாராவது அழுவார்களா என்று, பஸ் மலை ஏறி முடிகிறவரை நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.