‘எங்க தண்ணி’ என்று பாடியவர்கள்

போராட்டத்துக்குப் பாட்டுக் கட்டும் தொழிலில் முதலாளியைக்கூடச் சமாளித்துவிடலாம், கேட்கிற ஜனங்களைச் சமாளிக்க முடியாது. எனக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதல் பாட்டை மைக்செட்காரர் பாதியில் நிறுத்தி, காணாமல்போன வண்டிச் சாவிக்கு அறிவிப்புக் கொடுத்தார். இரண்டாவதைத் தோணிரேவு கிராமத்தில் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடினார்கள். மூன்றாவது மஞ்சள் நீராட்டு விழாவில் குத்தாட்டம் ஆனது. நான்காவதுதான் ‘தண்ணி யாரு தண்ணி? எங்க தண்ணி!’ கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் கழிவு விடும் இறால் பண்ணையை எதிர்த்து எழுதியது. அதைப் பாடி ஊரைத் திரட்டிப் பண்ணையை மூடவைக்க வேண்டும் என்பது திட்டம். மேடையேறித் தொண்டை கிழிந்த தோழர்களே, கேளுங்கள்.

படகு தள்ளியவர்கள்

ஃபைபர் படகைக் கரையேற்றும்போது என் பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெருமையோடு போய் நின்றேன். முதல் வரி மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. பண்ணையைச் சாடும் வரிகளைக் காணோம். ஏன் என்று அதட்டினேன். படகுக்குத் தோள் கொடுத்திருந்த ஏழுமலை மூச்சு வாங்கச் சொன்னான்: "அந்த வரிங்கோ ரொம்ப நீட்டம், நைனா. பாடி முடிக்கறதுக்குள்ள படகு பின்னால வந்துருது."

குடிநீர் லாரி

லாரி வந்தது. கிழக்குத் தெருப் பெண்கள் ‘தண்ணி யாரு தண்ணி?’ என்றார்கள். மேற்குத் தெருப் பெண்கள் குடத்தால் இடித்துக்கொண்டு ‘எங்க தண்ணி!’ என்றார்கள். நம் எதிரி யார் என்று விளக்க நடுவில் புகுந்தேன். ஒரு குடம் என் காலில் விழுந்தது. குடத்துக்காரி சரோஜா மன்னிப்புக் கேட்கவில்லை: "பாட்டு கட்டிக் குடுத்துட்டல்ல, அப்பால இன்னா? ஓரமா நில்லுண்ணா!"

சீட்டு எடுத்த நாள்

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர்க் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். ஆண்களுக்கு மட்டும்தான் சீட்டு. புருஷனைக் கடலில் பறிகொடுத்த தேசம்மா, அவர் சீட்டில் தன் பெயரை எழுதச் சொன்னாள். இல்லையென்றால் பிள்ளைகளோடு பொன்னேரி பஸ் ஏறி, எங்காவது வேலை தேட வேண்டியதுதான். ஊர்த் தலைவர் மறுத்தார்.

தேசம்மா எழுந்து ‘தண்ணி யாரு தண்ணி?’ என்று எடுத்தாள். பெண்கள் ‘எங்க தண்ணி!’ என்றார்கள். வாய் பழகிப்போன ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இது பண்ணைக்காரனை எதிர்த்து எழுதிய பாட்டு, சொந்த ஊர்க் கூட்டத்தில் பாடுவதற்கு அல்ல என்று கத்தினேன். தேசம்மா திரும்பினாள்: "பண்ணைக்காரன் இங்க இல்லியே, நைனா. இவங்கதான இருக்காங்க!"

தலைவர் பேச வாய் திறந்தபோதெல்லாம் பாட்டு உயர்ந்தது. கடைசியில் அவள் பெயரைச் சீட்டில் எழுதவைத்துக் குலுக்கினார்.

என் பாட்டு இதுவரை ஜெயித்துக் கொடுத்தது, நான் எழுதவே எழுதாத ஒரே ஒரு கோரிக்கையைத்தான், அதையும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சாட்சிகள் முன்னால் ஒரே சொல்லில் படித்து முடித்தார்: "தேசம்மா."