நாதஸ்வரம் புஷ்பம்

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே வந்தால் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். 'பாரம்பரியம் மிக்க வாத்தியமில்லா இன்னிசைக் குழு' என்று போட்டு, மேலே ஞானமுத்து மாஸ்டரின் முகம். மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார்; மகன் நடத்துகிறான். மேடையை எட்டிப் பார்த்தேன். ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப். வாத்தியமில்லாக் குழுவாம்! அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான்.

மேடைப் பக்கமிருந்து மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிய பாலின் வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு எரிச்சல்தான். எண்பதுகளில் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மாஸ்டரின் குழுவில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பாலை அவர் மட்டும்தான் குடிப்பார். எங்களுக்குச் சொம்பில் பச்சைத் தண்ணீர். "தொண்ட எனக்குல்லா முக்கியம்? நீங்க வெறும் வாத்தியம்தானலே" என்பார்.

ஆமாம், நாங்கள் வாத்தியங்கள். மாஸ்டர் ஒருவர்தான் பாடுவார். மற்றவர்கள் வாயாலேயே வாத்தியம் வாசிக்க வேண்டும். குழுவில் சேர்ந்தால் அப்பா அம்மா வைத்த பேரும் போய்விடும். தவில், மோர்சிங், ஜால்ரா என்றுதான் கூப்பிடுவார். நான் தம்புரா. பாட்டு தொடங்கி முடிகிறவரை 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் நிற்பது என் சங்கீதம். சினை மாடு முனகுவதுபோல் இருக்கும் என்று என் பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள்.

எதைத்தான் நாங்கள் விட்டுவைத்தோம்? கிறிஸ்மஸுக்கு சர்ச்சில் பாடிய மெட்டு, அதே மாதம் மார்கழி பஜனையில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். காதுகுத்து, சாவு விழுந்த துஷ்டி வீடு, ரிட்டயர்மென்ட் விழா, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளின் கூட்டம், எதற்கும் கூச்சமே கிடையாது. தெலுங்கு பேசுகிறவர்கள் வீட்டு விசேஷம் என்றால் மாஸ்டர் தெலுங்குக் கீர்த்தனையையே கடித்துத் துப்புவார். வீட்டுக்காரர் "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சிக்கொண்டே எங்களை அவசரமாகப் பந்திக்கு அனுப்பிவிடுவார். மரியாதை தெரிந்த மனிதர்கள்.

இந்தக் கூத்துக்குள் சங்கீதம் என்று ஒன்று இருந்ததென்றால் அது புஷ்பம். பேண்டேஜ் துணித் தறியில் நூல் சுற்றுகிற பெண். எங்கள் நாதஸ்வரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சாமி புறப்பட்டுவிட்டது என்று எழுந்து நிற்பீர்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மேடையில் ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, வார்த்தை போட்டுப் பாட வேண்டும். கேட்கும்போதெல்லாம் மாஸ்டர், "ஏட்டி, நாதஸ்வரம் எங்கயாச்சும் வார்த்த பேசுமா?" என்று சிரிப்பார். தவிலும் ஜால்ராவும் கூடச் சேர்ந்து இளிக்கும்.

தொண்ணூறுகளில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மகாராஜபுரம், கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில். இந்தத் தடவை அவள் விடவில்லை.

"எங் கல்யாணத்துலயாவது ஒரு பாட்டு பாடுதேன் மாஸ்டர்."

ஏதோ சொத்தையே எழுதிவைக்கிற மாதிரி மாஸ்டர், "சரிட்டி, தாலி கட்டுன பொறவு பாடு" என்றார். அவளே கட்டிய பாட்டாம். என்ன பாட்டு என்று கேட்டேன். "அன்னைக்குக் கேளுங்கண்ணே" என்றாள். அந்த முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம்.

கல்யாணத்தன்று போய்ப் பார்த்தால் மேளக்காரர்களே இல்லை. "நம்ம குழு இருக்கையில மேளம் எதுக்கு?" என்று மாஸ்டர்தான் பெண் வீட்டாரைத் தடுத்திருக்கிறார். குழு இருந்தது, சரி. நாதஸ்வரம் மணையில் அல்லவா உட்கார்ந்திருந்தது! அந்த மனிதருக்கு அது உறைத்தால்தானே? மைக்கை இழுத்துக்கொண்டு போய் மணப்பெண்ணின் வாயருகே பிடித்தார். "ஊது தாயி."

மாலையும் கழுத்துமாக ஊதினாள். கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் ஊதினாள். கெட்டிமேளத்துக்கு, தாலிக்காகக் குனிந்த தலையோடு, கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். சனம் கைதட்டிச் சிரித்தது. வெட்கங்கெட்ட சனம்.

பிறகு அவள் பாட்டு. எழுந்து மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் முயன்றாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்தப் பாவி மனுஷன் அப்போதாவது தன் பாலில் ஒரு வாய் கொடுத்தாரா? "சரி சரி, ஒக்காரு. நாந்தேன் இருக்கேன்லா" என்று மைக்கை வாங்கி, எல்லாக் கல்யாணத்திலும் பாடுகிற அதே வாழ்த்துப் பாட்டை எடுத்துவிட்டார். "நல்லதாப் போச்சு, இத்தோட விட்டுச்சு" என்று மாமியார்க்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. புஷ்பம் அதன்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை.

சில வருடம் முன்பு மகாராஜபுரம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். பேரப்பிள்ளை மடியில். நலம் விசாரித்துவிட்டு, மனசு கேட்காமல், "அன்னைக்கு என்ன பாட்டும்மா வச்சிருந்த?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உதடு லேசாக அசைந்தது.

"மெட்டு அப்படியே இருக்குண்ணே. வார்த்ததான் ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல" என்றாள்.