நகம்மாவின் கட்டைவிரல்

‘டக்.’ போனின் பின்மூடி கையோடு வந்துவிடும். பேட்டரியை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்து மூடுவாள். ‘டக்.’ லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கும்போதும், பேருந்தில் நிற்க இடமில்லாமல் தொங்கும்போதும் அவள் கைகளுக்கு இதுதான் வேலை. பக்கத்தில் இருப்பவர் முதலில் எரிச்சலோடு திரும்புவார். முதுகு கழன்ற போனைப் பார்த்ததும் கண்ணை விரிப்பார். அதற்காகவே காத்திருந்தவள்போல அவள் பிடித்துக்கொள்வாள்.

“பாத்தீங்களா? பசை இளகச் சூடு காட்ட வேண்டாம், கடைக்கு அலைய வேண்டாம். பேட்டரி செத்தா பேட்டரியை மட்டும் மாத்துங்க. செருப்புல வார் அறுந்தா காலையா வெட்டுறோம்?”

அந்த ஆள் இறங்கவேண்டிய நிறுத்தம் எப்போதோ தாண்டியிருக்கும்.

இந்தத் திறப்புக்கெல்லாம் சாவி அவளுடைய வலது கட்டைவிரல் நகம். மற்ற நகங்கள் ஒட்ட வெட்டியிருக்க, அது மட்டும் பிறை மாதிரி நீண்டு, கெட்டியாக, பளபளவென்று இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது அதற்கென்று பழைய ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய ஒரு குல்லாய். தூங்கப்போகும் முன் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். பிரித்துப் பழுது பார்க்கக்கூடிய போனைச் செய்யக் கிளம்பிய ஒரு சின்ன நிறுவனத்தில், போனின் உடம்பை வடிவமைப்பது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே ‘நகம்மா’ என்று ஆகிவிட்டது. கோபமெல்லாம் இல்லை. கூப்பிட்டால் அந்த விரலைத் தூக்கித்தான் ‘வர்றேன்’ என்பாள்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் ‘நல்லா இருக்கீங்களா’வுக்கு முன்னால் ‘சார்ஜ் நிக்குதா’ என்று கேட்கிற பிறவி. அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய அலமாரியில் துணி ஒரு தட்டில். மீதித் தட்டுகளில் ஊரார் கைவிட்ட போன்கள். அண்ணி மருத்துவமனையில் நர்ஸ். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், “இது வீடா, போனுங்களோட பிணவறையா? ஒவ்வொண்ணு கால்லயும் ஒரு சீட்டு கட்டிடு” என்பாள். ஆனால் நிறுவனத்தின் புதுப் போன் எப்போது வரும் என்று நச்சரிப்பதும் அதே அண்ணிதான். “வார்டுல ஓடிக்கிட்டே இருக்கறப்போ போன் செத்துடுதுடி. செவுத்தோரம் சார்ஜரைப் புடிச்சுக்கிட்டு நிக்க எனக்கு எங்க நேரம்? பேட்டரியைத் தட்டி மாத்திட்டு ஓடணும். நீ மத்தவங்களுக்குச் செய்யறியோ இல்லியோ, எனக்குச் செஞ்சு குடு.”

அலுவலகத்தில் அவளுக்கு வாய்த்த எதிராளி ‘மெலிசு’. போனின் அழகுக்கு அவன்தான் பொறுப்பு. ஆள் கதவு நிலையை அடைத்துக்கொண்டு வருவான்; போன் மட்டும் காகிதமாக இருக்கவேண்டும் என்பான். இருவரும் உட்கார்ந்தால் சண்டைதான்.

“கழட்டுற பேட்டரின்னா மேல கெட்டி ஓடு வேணும். ஓடு இடத்தைத் தின்னுடும், பேட்டரி சின்னதாயிடும். சாயங்காலம் ஆனா உன் போனுக்கு நாக்குத் தள்ளும்.”

“தள்ளட்டும். வேற பேட்டரியைப் போட்டுக்கட்டும்!”

“ஸ்க்ரூ வெச்சா கனம்.”

“பசை வெச்சா சமாதி. பரவால்லையா?”

அவன் சொல்வதும் சரி, அவள் சொல்வதும் சரி. அதுதான் அந்தச் சண்டையின் ருசி. இந்தத் தொழிலில் எதைக் கேட்டாலும் பதிலுக்கு எதையாவது இறக்கி வைத்தால்தான் கிடைக்கும். சார்ஜர் செருகும் வாய் தனியாகக் கழலவேண்டும் என்று அவள் பிடித்த பிடியில், கேமராவுக்குக் கேட்ட இடத்தைப் பாதியாக விட்டுக்கொடுத்தாள். உள்ளே இருக்கும் திருகுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒரே திருப்புளி போதும் என்று வாதாடி ஜெயித்த நாளில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மிச்சம் இருந்தது தண்ணீர். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கிழமை பின்மூடியை அச்சுக்கு அனுப்பியாகணும். எஃகுல அச்சு வெட்டிட்டா அப்புறம் அழுது புரண்டாலும் மாத்த முடியாது. தண்ணியில முக்கி எடுத்து, உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்லாம, வெறுங்கையாலயே திறந்து காட்டுங்க. முடியலையா, மூடியைப் பசை போட்டு ஒட்டிட வேண்டியதுதான்.”

ஒட்டிவிட்டால் அவள் இத்தனை காலம் பேருந்தில் பேசியதெல்லாம் வெறும் பேச்சு.

ரப்பர் வளையத்தைத் தடிமனாக்கினாள். மூடியின் கொக்கிகளை இறுக்கினாள். விளிம்பில் இருந்த இடுக்கை இன்னும் குறுக்கினாள். புதன்கிழமை போனைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைப் பிசைந்தபடி அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். எடுத்துத் துடைத்து, நகத்தை விட்டு நெம்பினாள். ‘டக்.’ ஈரம் பட்டால் சிவக்கிற சோதனைத் தாள் உள்ளே பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் கணக்குப்பிள்ளை என்னமோ ஏதோ என்று பேனாவும் கையுமாக ஓடிவந்தார்.

அன்று மாலை வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள். அண்ணி அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டியிருந்தாள்.

“அண்ணி! ஆயிடுச்சு! இந்தாங்க, நீங்கதான் வெளியாள்ல முதல் ஆள். திறங்க!”

அண்ணி வாங்கினாள். ஒரு விளிம்பைச் சுரண்டினாள். திருப்பி மறு விளிம்பைச் சுரண்டினாள். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி சுரண்டினாள். மூடி அசையவில்லை.

“அந்த இடுக்குல நகத்தைக் குடுங்க அண்ணி.”

“எந்த நகத்தை? இருந்தாத்தானே குடுக்க?” அண்ணி கையை விரித்துக் காட்டினாள். வார்டில் நகம் வளர்க்கக் கூடாது. எல்லா விரலும் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது. “ஏன்டி, டப்பாக்குள்ள சார்ஜர் வைக்கிற மாதிரி உன் நகத்தையும் ஒண்ணு வெச்சுக் குடுப்பீங்களா?”

நகம்மாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இடுக்கின் அளவு எங்கிருந்து வந்தது? அவள் நகத்தை அளந்து வந்தது. சோதித்தது யார்? அவள். பார்க்க வந்தவர்களுக்குத் திறந்து காட்டியது யார்? அவள்தான். யாருக்காவது வரவில்லையென்றால் ‘நகம்மா, கொஞ்சம் திற’ என்று நீட்டுவார்கள்; அவளும் பெருமையாகத் திறந்து கொடுப்பாள். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பூட்டைச் செய்துவிட்டு, சாவியைத் தன் விரலிலேயே வளர்த்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்!

அண்ணிக்கோ ரோஷம் வந்துவிட்டது. “உன்னை விட்டேனா பார்” என்று போனை மடியில் வைத்து ஒரு மூலையைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுக்கிய வேகத்தில் எதிர்மூலை மயிரிழை அளவு எழும்பி அடங்கியது.

“அண்ணி! அசையாதீங்க!”

“ஐயோ, ஒடைச்சிட்டேனா?”

“ஒடைக்கலை. அங்கயே அமுக்குங்க. இன்னும்... இன்னும்... அண்ணி, நீங்க தெய்வம்!”

“தெய்வத்துக்குக் காப்பி போட்டுக் குடு. காலு ரெண்டும் கெஞ்சுது.”

காப்பி கடைசிவரை வரவில்லை. அவள் தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். நெம்ப வேண்டாம், அமுக்கினால் போதும். ஒரு மூலைக்கு அடியில் சின்னதாக ஒரு பள்ளம். அங்கே அமுக்கினால் மூடி பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி சாய்ந்து மறுமூலையில் எழும்பும். நகமும் வேண்டாம், இடுக்கும் வேண்டாம். இடுக்கு போனால் தண்ணீருக்கும் ஒரு வழி அடைபடும். ஆனால் பள்ளத்துக்கு இடம் வேண்டுமே. பேட்டரியில் கை வைத்தால் அண்ணி கொன்றுவிடுவாள். போன்தான் பருக்கவேண்டும்.

காலையில் மெலிசு பையைக்கூட இறக்கவில்லை, அவள் வழிமறித்தாள்.

“அரை மில்லிமீட்டர் வேணும்.”

“உசுரைக் கேளு, தர்றேன். அரை மில்லிமீட்டர் கேக்காத.”

“சரி, இந்தா. இருக்கிற மூடியை நீ ஒரு தடவை திற. திறந்துட்டா நான் வாயைத் திறக்கலை.”

மெலிசு போனை வாங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் எட்டி அவன் கையை இழுத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கடித்துக் குதறிச் சிவந்திருந்தது.

“ஏய், நீ இதை ஒருநாளாவது திறந்திருக்கியா?”

“ம்ஹூம்.”

“அடப்பாவி, ஏன் சொல்லலை?”

“எல்லாரும் சுலபமாத் திறக்கறீங்கன்னு நெனச்சேன். இந்த வயசுல நகம் கடிக்கிறான்னு தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு...” என்று இழுத்தான். அவள் சிரிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டபின், நாற்காலியில் போய் உட்கார்ந்து, கணினியில் போனின் தடிமனை அவனே கூட்டினான். கூட்டும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை புது மாதிரி மூடி தொட்டிக்குள் போனது. அலுவலகமே தொட்டியைச் சுற்றி நின்றது. முதலாளி போனை எடுத்து உதறி, துடைத்து, வழக்கம்போல அவள் பக்கம் நீட்டினார். “நகம்மா, திற.”

அவள் வாங்கி அதை அப்படியே மெலிசின் கையில் திணித்தாள். அவன் கடித்த கட்டைவிரலை மூலையில் வைத்து அமுக்கினான்.

‘டக்.’

உள்ளே தாள் வெளுப்பாக இருந்தது. முதலாளி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சரி, அச்சுக்கு அனுப்புங்க. பசை வேண்டாம்.”

அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. போன் கைமாறிக் கைமாறிப் போனது. கணக்குப்பிள்ளை திறந்தார். வாசல் காவலாளி திறந்து, மூடி, இன்னொரு தடவை திறந்தார். டக், டக், டக். மெலிசு எல்லோரிடமும் தன் விரலைக் காட்டிக்கொண்டு திரிந்தான். ஒருவழியாகப் போன் சுற்றி வந்தபோது, அவன் அதை அவளிடம் நீட்டினான்.

“இரு” என்றாள். பைக்குள் கையை விட்டு, காலையில் அண்ணியிடம் வாங்கி வந்த நகவெட்டியை எடுத்தாள். வலது கட்டைவிரலை விளக்குக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். நறுக்கென்று வெட்டினாள். ஓரத்தில் நின்ற மிச்சத்தையும் சதையோடு ஒட்ட எடுத்துவிட்டு, கையை நீட்டினாள்.

“ம், இப்போ குடு.”