போதகர் ஏறிப்போன படகு

1. வேலை

ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூரில் நான் பார்த்த டெம்பரரி குமாஸ்தா வேலை இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் ரத்தாகிப் போனது. மெட்ராஸுக்குப் போய், அந்தமான் பக்கம் ஓடும் பயணிகள் கப்பலில் பர்சருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். பயணிகளின் டிக்கெட், சாப்பாடு, புகார் எல்லாம் பர்சர் பொறுப்பு. பயணிகள் என்னைப் பற்றி நல்லதாக எழுதிக் கொடுத்தால்தான் பர்மனென்ட் என்று சொல்லிவிட்டார்.

அப்போது சித்தூர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்ற எல்லைத் தகராறு சூடாக இருந்தது. லீவில் வீட்டுக்கு வந்திருந்த சமயம், கணக்கெடுக்க வந்த ஒருவர் என் நைனாவிடம், "வீட்டுல என்ன பாஷை? கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்றார். நைனா மிஷன் பள்ளி வாத்தியார். "நாங்க இன்னா கூத்தா காட்டிக்கினு கீறோம்?" என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் ரத்தம் கொதித்தது. கப்பல் ஏறியதும் அந்தக் கோபத்தை எங்கே தொலைத்தேனோ தெரியவில்லை.

2. சட்டை

நிக்கோபார் பக்கம் ஒரு சின்னத் தீவில் இரண்டு மணி நேரம் நிற்போம். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் நானே வாயைக் கொடுத்தேன். "நாளைக்கு ஆதிவாசி ஜனங்களைக் காட்டறேன் சார்" என்றேன்.

படகில் இறங்கிப் போனால், ஊரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் கப்பலிலேயே வந்த போதகர் அன்று அங்கே கிறிஸ்தவக் கோயிலில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறார். அந்தத் தீவுக்கு அவர் வருவதே எப்போதோ ஒரு தடவை.

கேமராவோடு வந்த மெட்ராஸ் வக்கீலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னய்யா, காட்டு ஜனம்னு கூட்டிட்டு வந்தே? எங்க ஆபீஸ் கிளார்க் மாதிரி நிக்கிறாங்களே!"

என் பர்மனென்ட் கண் முன்னால் ஆடியது. மனைவி, கைக்குழந்தையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தினேன். அவருக்கும் அரைகுறை இந்தி, எனக்கும் அரைகுறை இந்தி. சட்டையைக் கழற்றிவிட்டுத் தென்னை மரம் ஏறிக் காட்டச் சொன்னேன். அவர் கோயில் பக்கம் கை காட்டினார். போதகர் போய்விடுவார் என்றார்.

"நான் சொன்னாத்தான் கப்பல் கிளம்பும். பயப்படாதே" என்றேன்.

பச்சைப் பொய். என்னை விட்டுவிட்டுக் கூடக் கப்பல் கிளம்பும்.

விருந்தாளி கேட்கிறான், எப்படி மறுப்பது என்று நினைத்தாரோ என்னவோ. சட்டையை மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். வெளிச்சம் சரியில்லை என்று வக்கீல் மறுபடி ஏறச் சொன்னார். பிறகு வக்கீல் சம்சாரம் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். மூன்றாவது தடவை இறங்கும்போது கப்பல் சங்கு ஊதியது.

3. கரை

கோயிலில் வேலை முடிந்து போதகர் முதல் படகிலேயே போய்விட்டிருந்தார். நான் பயணிகளைக் கடைசிப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். பின்னாலேயே குழந்தையோடு மனைவி. போதகரைக் கூப்பிடு என்றார், அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கேட்டுப் பார்க்கறேன், இங்கேயே இரு" என்றேன்.

கப்பலில் ஏறினால் போதகர் கைப்பிடிக் கம்பியருகே நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தம்பி, ஒரு குடும்பம் வரவேயில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

பர்சர் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் சொன்னால் பத்து நிமிஷம் வாங்கியிருக்கலாம். ஆனால் ஏன் தாமதம் என்று கேட்பாரே!

"தெரியாதுங்க ஐயா" என்றேன்.

நங்கூரம் எடுத்தார்கள். நான் உள்ளே போய் வக்கீலுக்குக் காபி சொன்னேன். அவர் மிகப் பிரமாதமாக எழுதிக் கொடுத்தார். பர்மனென்ட் ஆனேன்.

4. பதில்

அடுத்த லீவில் என் மகளுக்குச் சித்தூரில் ஞானஸ்நானம். கஞ்சி போட்ட சட்டையில் கோயிலில் நிற்கும்போது உடம்பெல்லாம் கூசியது. அன்று சாயங்காலம் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்தப் போதகர் ஐயருக்கு எழுது" என்றார்.

எழுதினேன். போதகரிடமிருந்து பதில் வந்தது. அடுத்த தடவை போனபோது குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம். அதுவரைக்கும் என் வயிற்றில் பால் வார்த்தார். ஏன் அன்று வரவில்லை என்று தகப்பனைக் கேட்டாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: 'கப்பல்காரர் உங்களைக் கூப்பிடத்தான் போனார். நல்ல மனுஷன். அவருக்கு ஏதோ வேலை வந்துவிட்டது போலிருக்கிறது. இருட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.'

அவர் என்னைத் திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

இப்போது திருப்பதியில் டூரிஸ்ட் பஸ் ஓட்டும் பிள்ளைகள் அனுபவம் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மலையடிவாரத்து அலிபிரியில் இறக்கிவிடும் பயணி எதை வேண்டுமானாலும் காட்டச் சொல்வான். மலையைக் காட்டுங்கள், கோபுரத்தைக் காட்டுங்கள். மனுஷனைக் காட்டாதீர்கள். என்னைப் போல் காட்டிவிட்டீர்களென்றால், யாராவது கேட்கும்போது தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை போனால் போகட்டும். எனக்கு அந்த வேலை முப்பது வருஷம் இருந்தது. ஒரு நாள்கூட அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.