விளக்கடியில் விட்ட மாதிரி பாட்டில்

தொழிற்சாலையில் என் சித்திக்குப் 'பூனைக்கண்ணி' என்று பெயர். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் அமினோ அமிலக் கரைசல் அங்கே தயாராகிறது. ஒவ்வொரு பாட்டிலையும் விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்து, தூசு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் பார்த்தாள்.

"பூனைக்கண்ணி, என் தலையில பேன் இருக்கான்னு அப்படியே பார்த்துச் சொல்லுடி" என்பாள் பக்கத்து மேஜைக்காரி.

"உன் பேச்சைக் கேட்டே எல்லாம் ஓடிப்போயிருக்கும்."

அந்தக் கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது. அதிலுள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் வெளிச்சத்தில் சிதையும். தண்ணீர் போலிருந்தது மெல்ல மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி பாட்டில் உண்டு. பார்த்ததும் அதைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு பாட்டில். எண்ணூறு தடவை யார் திறந்து மூடுவது? சித்தி அதை விளக்கடியிலேயே விட்டுவிட்டாள். அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாயிற்று. போகப்போக, சந்தேகம் வந்த பாட்டிலை மட்டும்தான் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கண்ணும் கூடவே பழகிப்போயிற்று.

ஒருமுறை, வெளிச்சம் மறைக்கும் உறை போடாமல் ஜன்னலோரம் நாள்கணக்கில் கிடந்த நாற்பது பெட்டிச் சரக்கு அவளிடம் வந்தது. மாதிரியோடு வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம். அனுப்பிவிட்டாள்.

கரைசல் மஞ்சளாக இருக்கிறது என்று மருத்துவமனையிலிருந்து புகார் வந்த அன்று, புது பாட்டில் ஒன்றைத் தன் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன்பின் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் நல்லவர். "கண்ணு மங்கிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. பேக்கிங்ல போட்டுடறேன். வேலை போகாது."

"பெட்டியெல்லாம் திரும்பி வந்துடுச்சா சார்?"

"முப்பத்தொண்ணு வந்துச்சு."

"மிச்சம் ஒம்பது?"

"ஏத்திட்டாங்களாம்."

"ஏத்திக்கிட்டவங்க?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்ற நிலைமையில இருக்கறவங்களா அவங்க?"

சித்தி காகிதத்தைத் தள்ளி வைத்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். மாதிரியை வெளியவே விட்டது நான். அதை எழுதுங்க. இல்லேன்னா நாளைக்கு வர்ற பொண்ணும் அப்படியேதான் விடுவா."

எழுதினார்கள். அன்று மதியமே வெளியே அனுப்பினார்கள்.

பல நாடுகள் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அவள் வீட்டில் இருந்தாள். என்னிடம்தான் இதையெல்லாம் சொன்னாள். சித்தப்பாவிடம், கண் மங்கிவிட்டதால் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் நம்பிவிட்டார். இப்போது ஊசியில் நூலைக் கோத்து அவள் கையில் கொடுக்கிறார். அவள் தடவித் தடவி வாங்கிக்கொள்கிறாள்.