காருக்குப் பூ கேட்ட கதை

வேலுசாமி ஊர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் காரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இது வருஷாவருஷம் நடக்கிற கூத்துதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் தை மாதம் கிளம்பி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விடும். அங்கே மழை இறங்கி, காடெல்லாம் சேறாகி, லாரிச் சக்கரம் புதைய ஆரம்பித்ததும் ஆட்கள் ஊர் திரும்புவார்கள். ஆறு மாதம் மனைவி ஒருத்தியாக நடத்திய வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, பீரோ ஏன் இந்தச் சுவரில் நிற்கிறது, மோட்டார் சுவிட்ச் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரணை நடத்துவார்கள். அடுத்த பயணம் கிளம்புவதற்குள் வீட்டில் பாதிச் சாமான் இடம் மாறியிருக்கும்.

வேலுசாமி இருபத்தாறு வருஷமாக ரிக்கில் துளை போடுகிறவன். இந்த வருஷம் அவன் கண்ணில் பட்டது கார்.

அது அவன் மனைவி அறிவுச்செல்வியின் கார். வயது பத்தொன்பது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருப்பதால் வெள்ளை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கதவில் ‘அறிவு மகளிர் ஓட்டுநர் பயிற்சி’ என்று எழுதியிருக்கும். பின் சீட்டுக்கு முன்னால் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, குனிந்து பார்த்தால் ரோடு ஓடுவது தெரியும். “கீழ பாக்காத, முன்னால பாரு” என்பது அவள் பாடங்களில் ஒன்று.

அறிவின் அப்பா மகளுக்கு ஜாதகமே எழுதாதவர். பெண் பார்க்க வருகிறவர்களை ராகுகாலத்தில்தான் வரச் சொன்னார். ஐந்து மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை. ஆறாவதாகச் சரியான நேரத்துக்கு வந்து நின்றவன் வேலுசாமி. கொள்கை ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அவன் கைக்கடிகாரம் ரிப்பேரில் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அறிவு லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். கட்டி முடித்த லாரிகளின் நெற்றியில் ஓவியர்கள் பெயர் எழுதுவதைத் தினமும் பார்ப்பாள். முதலாளிகளின் மகள் பெயர், அம்மா பெயர், காளியம்மன், மாரியம்மன். நாமக்கல் லாரி போகாத மாநிலம் இல்லை; நெற்றியில் பெண் பெயர் இல்லாத லாரியும் குறைவு. ஸ்டீயரிங்கில் மட்டும் ஒரு பெண்ணையும் காணோம். ஒருநாள் டிரைவர் வரவில்லை, வாசலை அடைத்து ஒரு லாரி நிற்கிறது, பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அறிவு ஏறி உட்கார்ந்து அதை நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். “மூணு வருசமா நீங்க ஓட்டறத பாத்துட்டுத்தான இருக்கறேன்” என்றாள். அன்று தொடங்கியதுதான். முறையாக லைசென்ஸ், பயிற்சி தர அனுமதி, பிறகு இந்தக் கார். பன்னிரண்டு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் பெண்கள் இதில் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தக் கார்தான் இப்போது புகைய ஆரம்பித்திருந்தது. சாதாரணப் புகை இல்லை. நீல நிறத்தில், தெருவையே மறைக்கும் புகை. சாவியைத் திருகினால் இரண்டு முறை இருமிவிட்டு எடுக்கும். எடுத்ததும் எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணியை எடுக்க ஆள் ஓடி வருவார்கள்.

மெக்கானிக் அர்த்தநாரி வந்தான். காரிலிருந்து பத்தடி தள்ளி நின்று புகையைப் பார்த்தான்.

“அக்கா, பிஸ்டன் ரிங்கு போயிருச்சுங். இன்ஜினையே இறக்கோணும். கிளட்சும் தேஞ்சு கெடக்குது. ஒரு வண்டிக்கு ஒரு கால் மிதிச்சா தாங்கும். இத இருநூறு காலு மிதிச்சிருக்குது.”

“இறக்குனா சரியாகுமா?”

“ஆகும். செலவு பண்ற காசுக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கிறலாம்.”

வேலுசாமிக்கு இது போதும். “நான் அப்பவே சொன்னேன். நம்பரக் கூட்டுனா எட்டு. சனி நம்பரு. இந்த வண்டி வந்த வருசத்துல இருந்து எங்க ரிக்குல பாதி போரு தண்ணியில்லாம வெறும் பொகைதான்.”

“ராஜஸ்தான்ல தண்ணி இல்லாததுக்கு என்ற காருங்களா காரணம்?” என்றாள் அறிவு.

“எளப்பமாப் பேசாத புள்ள. வண்டிய வெச்சுக்கலாமான்னு பூ கேட்டரலாம்.”

ரிக்காரர்களுக்குப் பூ கேட்காமல் ஒரு வேலையும் ஓடாது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. துளை போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் இதே வழக்கம். தான் வரமாட்டேன் என்று அறிவு சொல்லிவிட்டாள். வேலுசாமி தனியாகப் போய்விட்டு வந்து பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தான். செவ்வரளி. அவன் முகத்தில் வருத்தத்தைக் காட்ட முயன்றான், சரியாக வரவில்லை. பள்ளிபாளையத்தில் பழைய வண்டி எடுக்கும் பிரபாகரிடம் ஏற்கெனவே பேசியிருந்தான். வியாழக்கிழமை காலை வந்து இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அறிவுக்குப் பூவைப் பற்றிக் கவலை இல்லை. அவளை இடித்தது அர்த்தநாரி சொன்ன தொகையும் அடுத்து வரும் திங்கட்கிழமையும்தான். திங்கட்கிழமை நர்மதாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

நர்மதா பக்கத்து ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். ஏழு வருஷமாகக் குப்பை வண்டிக்குப் பின்னால் கூடையோடு நடக்கிறாள். வண்டியை ஓட்டுகிறவன் ஆண். பின்னால் நடந்து அள்ளுகிறவர்கள் பெண்கள், அதிலும் ஒரே தெருவிலிருந்து வரும் பெண்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதாத சட்டங்களைத்தான் இந்த நாடு ஒரு வரி விடாமல் கடைப்பிடிக்கிறது. அந்த டிரைவர் வேலையை விட்டுப் போகிறான். மாதக் கடைசிக்குள் லைசென்ஸோடு வருகிறவருக்கு வேலை என்று புதிதாக வந்த தலைவர் சொல்லியிருந்தார். நர்மதா டவுனில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னாள். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள்.

அறிவிடம் வந்த முதல் நாள் அவள் கதவைத் திறந்து பின் சீட்டின் ஓரத்தில் உட்காரப் போனாள்.

“அங்கெங்க போற?” என்றாள் அறிவு. “ஸ்டீயரிங் முன்னாலயில்ல இருக்குது.”

அடுத்த வாரமே ரிக் முதலாளியின் மனைவி கிருத்திகா, அவளும் அப்போது கற்றுக்கொண்டிருந்தவள், காதோடு காதாகச் சொன்னாள்: “அந்தப் புள்ள உக்காந்த சீட்டுல நாங்க எப்படிங்க்கா…”

“அப்ப நீங்க நடந்து பழகுங்க. அதுக்கு லைசென்ஸே வேண்டியதில்ல.”

கிருத்திகா நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, அதே சீட்டில் உட்கார்ந்து, கியர் போட்டாள்.

நாற்பது நாளாக நர்மதாவின் கால் அறிந்தது இந்தக் காரின் கிளட்சைத்தான். டெஸ்டுக்குக் கார் இல்லையென்றால் அடுத்த தேதிக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வியாழன் காலை பிரபாகர் இழுவை வண்டியோடு வந்துவிட்டான். வேலுசாமி டீ வாங்கிவரச் சொல்லி அவனை உபசரித்துக்கொண்டிருந்தான். அர்த்தநாரியும் நின்றான், கழற்றி விற்கக்கூடிய சாமான் ஏதாவது தேறுமா என்று பார்க்க. அந்த நேரத்தில் வேலை முடித்து நர்மதா வந்து சேர்ந்தாள். வாசலில் நிற்கும் இழுவை வண்டியைப் பார்த்து அவள் முகம் விழுந்துவிட்டது.

“போகுதுங்களாக்கா?”

“அப்படித்தான் ஆகிப்போச்சு. கிருத்திகா கார் கெடைக்குமான்னு கேட்டிருக்கறேன். இன்னிக்கு கடைசியா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச மட்டும் மிதிச்சுப் பாத்துக்க.”

நர்மதா நேராகப் போய்ச் சாவியைப் போட்டிருக்கலாம். ஆனால் அறிவின் பாடம் அப்படி இல்லை. முதல் நாள் முதல் வேலையாக அவள் சொல்லித் தருவது பானெட்டைத் திறக்க. தண்ணி பார், ஆயில் பார், அப்புறம்தான் சாவியைத் தொடு. வேலுசாமி ஊர் வந்தபிறகு அந்தப் பாடம் நின்றிருந்தது. ஆனாலும் பழைய பழக்கத்தில் நர்மதாவின் கை தானாகப் பானெட்டைத் தூக்கியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, கம்பியில ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கோணும்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“இது மேக்கோட்டத் தாண்டிப் போயி, பாதிக் கம்பி வரைக்கும் நனஞ்சிருக்குதுங்.”

அறிவு எழுந்து வந்தாள். கம்பியை வாங்கிப் பார்த்தாள். விரலில் தொட்டுத் தேய்த்தாள். இன்ஜின் ஆயில் இந்த நிறத்தில் இருக்காது. முகர்ந்தாள். அர்த்தநாரி கையில் கொடுத்தாள். அவன் முகர்ந்துவிட்டு வேலுசாமியிடம் நீட்டினான்.

வேலுசாமி மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அவன் சட்டையில் அடிக்கிற வாசம் அது. ரிக்கின் கம்ப்ரசருக்கு ஊற்றுகிற ஆயில்.

“ஏனுங்க,” என்றாள் அறிவு, மிகவும் மெதுவாக. “இதுல என்ன ஊத்துனீங்க?”

“நல்ல ஆயில்தான் புள்ள. பேரலு என்ன வெலைன்னு தெரியுமா? ஒரு கேன் மிச்சம் இருந்துச்சு. நான் வந்த மூணா நாளு, பாவம் பழைய வண்டியாச்சேன்னு…”

“எவ்வளவு?”

“கேன்ல பாதிதான்.”

அர்த்தநாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுவை வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். “மாமா, அந்தக் கம்ப்ரசரு எரநூறு அடி காத்து தள்றதுங். இது பால்காரரு வண்டி அளவு இன்ஜினு. பாதிக் கேன் ஊத்துனா பொகையாம மணக்குமா?”

“நீ ஏன்டா ரிங்கு போச்சுன்னு சொன்ன?” என்று வேலுசாமி அவன்மேல் பாய்ந்தான்.

“பொகையப் பாத்தேன், சொன்னேன். கம்பியப் பாக்கல. தப்புதானுங்.”

அறிவு யாரையும் திட்டவில்லை. திட்ட முடியாத இடத்தில் நின்றிருந்தாள். வருகிறவளுக்கெல்லாம் கம்பியைப் பார் என்று சொன்னவளே, ‘ஆயிலெல்லாம் நான் பாத்துட்டேன்’ என்று புருஷன் சொன்ன ஒரு வார்த்தையில் மூன்று வாரமாகப் பானெட்டைத் திறக்கவில்லை. நம்பர், பூ எல்லாம் கேட்டாயிற்று. கார்கிட்டே மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டது நர்மதா ஒருத்திதான்.

அங்கேயே ஆயிலை இறக்கினார்கள். கொப்பரை மாதிரி ஒரு சட்டி நிறைந்து வழிந்தது. புது ஆயில் ஊற்றி இரண்டு முறை ஓடவிட்டு இறக்கி, மூன்றாவது முறை ஊற்றியதும் கார் ஒருமுறை இருமிவிட்டு, புகையில்லாமல் ஓடியது. எதிர் வீட்டுத் துணி கொடியிலேயே இருந்தது. பிரபாகர் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு வெறும் கொக்கியோடு கிளம்பினான்.

வேலுசாமி மட்டும் இன்னும் ஒரு காலை ஊன்றிக்கொண்டிருந்தான். “ஆனா பூ செவப்பு வந்துச்சே.”

“உங்க ரிக்குல பூ வெள்ள வந்து, எறக்குன போருல பொகை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“இன்னும் நூறடி எறக்குவோம்.”

“நானும் இந்தக் கார இன்னும் நூறடி எறக்கறேன்.”

அன்று மதியமே வேலுசாமி வெல்டிங் மிஷினை இழுத்து வந்து, பின் சீட்டுக்கு முன்னால் இருந்த ஓட்டையை அடைக்க உட்கார்ந்தான். ரிக்காரன் போடுகிற ஒட்டு அது. வீட்டிலிருந்த கனத்த தகட்டை வெட்டிப் போட்டான். “கார் போனாலும் தகடு நிக்கும்” என்றான் அர்த்தநாரி, புது கிளட்ச் தட்டை மாட்டியபடி. கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அவனுக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

திங்கட்கிழமை டெஸ்ட் மைதானத்தில் வேலுசாமியும் வந்து வேலியோரம் நின்றான். புதுக் கிளட்ச் கொஞ்சம் மேலே பிடித்தது. நர்மதா முதல் தடவை காலை எடுத்ததும் வண்டி அணைந்துவிட்டது. அறிவு வெளியிலிருந்து கை காட்டவில்லை. நர்மதா மூச்சு விட்டுக்கொண்டு, காலை மெல்லத் தூக்கினாள். கார் நகர்ந்தது. அதிகாரி எட்டு போடச் சொன்னார். போட்டாள், ஒரு கம்பத்தையும் தொடாமல். பின்னால் எடுத்து நிறுத்தினாள்.

“சனி நம்பரு வண்டி எட்டே போட்டுருச்சுங்க” என்றாள் அறிவு. வேலுசாமி வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

மாதக் கடைசியில் ஒரு காலை. தெருமுனையில் ஊராட்சி வண்டியின் மணி கேட்டது. ஸ்டீயரிங்கில் நர்மதா. பீரோவை அடுத்த சுவருக்கு நகர்த்திக்கொண்டிருந்த வேலுசாமி, வீட்டுக் குப்பையோடு வெளியே வந்தான். ஒரு கையில் காலிக் கம்ப்ரசர் ஆயில் கேன். இன்னொரு கையில், மேசைமேல் காய்ந்து கிடந்த செவ்வரளிப் பொட்டலம்.

நர்மதா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, பிரிச்சுப் போடோணும். கேன் மக்காத குப்பை, அந்த நீலக் கூடையில போடுங்க. பூவு மக்கறது. இதுல போடுங்க.”

வேலுசாமி ஒரு நொடி பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு, சொன்னபடி பச்சைக் கூடையில் போட்டான்.